சுடாத கல்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க அம்மிணி. பஸ்ஸுல வெளிய பாத்துட்டே வந்தா எனக்குத் தலை சுத்துமுங்க. கரூருங்களா? நானும் கரூருக்குத்தான் போறேன். நல்லதாப் போச்சு. தனியாப் போறதுக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

உங்க விரல்ல இருக்கறது மஞ்சக்கல்லுங்களா? தப்பா நெனைச்சுக்காதீங்க. எதிர்ல ஆரு வந்தாலும் எனக்கு மொதல்ல கல்லு, மூஞ்சியெல்லாம் அப்புறந்தான். காங்கேயத்துல ராசிக்கல்லுக் கடை வச்சிருக்கறமுங்க. எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். கல்லு சென்னியப்பன்னு கேட்டா எல்லாரும் கடையைக் கை காட்டுவாங்க. என்ற பேரு மயிலாத்தா. அது ஆருக்கும் தெரியாது.

காட்டுங்க பாக்கலாம். புஷ்பராகம்னு சொல்லிக் குடுத்தாங்களா? சரிங்க. இல்லீங்க, ஒண்ணுமில்ல, நல்ல கல்லுதான், போட்டுக்குங்க. புஷ்பராகம் வேற சாதிங்க. இது சிட்ரினு. சோசியருங்களே அதுக்குப் பதிலா இதைப் போட்டுக்கச் சொல்றாங்க, வெசனப்படாதீங்க.

இதுலயும் ரெண்டு இருக்குதுங்க. மண்ணுக்குள்ளயே மஞ்சளாப் பொறந்தது ஒண்ணு. ஊதாவாப் பொறந்து தீயில மஞ்சளானது ஒண்ணு. செவ்வந்திக்கல்லுன்னு ஊதாவா இருக்குமுங்களே, அதைச் சுட்டா மஞ்சளாயிரும். கடை கடைக்கு விக்கறதுல முக்காவாசி சுட்ட கல்லுதான். நாங்களும் சுடறமுங்க, அதுல என்ன ஒளிவு மறைவு. ஊட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு கரண்டு அடுப்பு இருக்குது. கல்லை மணல்ல பொதைச்சு வச்சு, சூட்டை மெல்ல ஏத்தோணும், அதைவிட மெல்ல எறக்கோணும். அவசரப்பட்டா உள்ளயே வெடிச்சிரும். சுடறது என்ற வேலை. பேசி விக்கறது அவரு வேலை. எனக்குப் பேச வராதுங்க.

கல்லு எந்த மண்ணுல பொறந்துச்சோ, தீயில அந்த மண்ணுக்குத் தக்கன மாதிரிதான் மாறும். எங்க பக்கத்துக் காடுகள்ல மழை பேஞ்சு தண்ணி வடிஞ்சதும் ஊதாக்கல்லு பொறுக்குவமுங்க. அதைச் சுட்டா பனவெல்லம் கரைச்சாப்பல வரும், வெளிச்சத்துல திருப்புனா உள்ள ஒரு செவப்பு ஓடும். வேற ஊருக் கல்லு சிலது சுட்டா ஒண்ணுமில்லாம சாம்பலாட்டம் வெளுத்துப் போயிரும். பிரேசில்ல இருந்து வர்றது நல்லா ஆரஞ்சாவே இருக்கும், அதுவும் சுட்டதுதான். பொறவி மஞ்சள் அப்பிடியிருக்காதுங்க. எலுமிச்சந் தண்ணியில துளியூண்டு கருப்பட்டி விட்டா எப்பிடியிருக்கும்? அந்த நெறம். லேசாப் பொகை புடிச்சாப்பல. ஆப்பிரிக்காவுல காங்கோ பக்கம் கெடைக்குமாம். அருமையான கல்லு. ஆனா கடையில வச்சா ஆரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க. இதென்னங்க வெளுத்துப் போயிருக்குதுன்னுட்டு, நான் சுட்டதைத்தான் எடுத்துட்டுப் போவாங்க.

அப்பிடிப்பட்ட பொறவி மஞ்சள் ஒண்ணு எங்க கடைக்கு வந்துச்சுங்க. ஜெய்ப்பூரு ஏவாரி ஒருத்தரு குடுத்தது. எங்கூட்டுக்காரரு அதை விக்கறதுக்கே மனசில்லாம இருந்தாரு. தெனமும் வெடியால கடையைத் தொறந்ததும் ஜன்னல் வெளிச்சத்துல அதைப் புடிச்சுப் பாப்பாரு. என்னையக் கூட அவரு அப்பிடிப் பாத்ததில்லீங்க. சிரிங்க, பரவால்லீங்க.

அந்தக் கல்லைத் தேடிக்கிட்டு வந்தாருங்க நஞ்சப்பன்.

நஞ்சப்பனை உங்களுக்குத் தெரியாது. எங்க பக்கத்துல லாரி, கல்லுக்குழி எல்லாம் அவருதுதான். எதிர்த்துப் பேசுன டிரைவர் ஒருத்தனைக் கெணத்துக்குள்ள தலைகீழாத் தொங்கவுட்டாருன்னு சொல்லுவாங்க. நான் பாக்கலீங்க. பாத்தேன்னு சொன்னவங்களையும் பாக்கல. ஆனா அவரு பச்சை ஜீப்பு கடைவீதியில வந்தா டீக்கடையில பேச்சு நின்னு போயிரும். அவரு சம்சாரம் அடுப்பு வெடிச்சுச் செத்துப் போனப்பக் கூட ஊரு வாய் சும்மா இருக்கல. ஆளும் அப்பிடிங்க. கதவு உசரம் இருப்பாரு. வாயத் தொறந்து பேசமாட்டாரு. பேசாத ஆளைப் பாத்தா எனக்கு நெம்பப் பயமுங்க.

அவருக்கு ஒரே பொண்ணு. பேரு மிருதுளா. இருதயத்துல ஓட்டையாம், கோயமுத்தூர்ல ஆப்பரேசன் பண்ணோணும்னு சொல்லிட்டாங்க. சோசியரு சொன்னாராம், அப்பங்காரன் விரல்ல மஞ்சக்கல்லு போடோணும், அது தீப்படாத கல்லா இருக்கோணும்னு. சம்சாரத்தைத் தின்ன நெருப்பு பொண்ணுகிட்ட வந்துரப்படாதுங்கறது அவரு பயம். இதையெல்லாம் அவரு சொல்லலீங்க, கூட வந்த டிரைவர் சொன்னான். எங்கூட்டுக்காரரு வெள்ளைத் தாள்ல ரெண்டு கல்லை வச்சாரு. ஒண்ணு நான் சுட்டது, இன்னொண்ணு அந்த வெளுத்த மஞ்சள். எது சுட்டது, எது சுடாததுன்னு நல்லா வெவரமாச் சொன்னாரு. அவரு சொல்றதைக் கேட்டுட்டே இருக்கலாமுங்க, அப்பிடிப் பேசுவாரு. நஞ்சப்பன் ஒரு விரலை நீட்டி வெளுத்ததைத் தொட்டாரு. அவ்வளவுதான். மோதரம் பண்ணிக் குடுங்கன்னுட்டுப் போயிட்டாரு.

மோதரத்தை எங்கூட்டுக்காரரே நேர்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தாரு. நான் பாக்கலீங்க. அப்ப நான் அடுப்படியில இருந்தேன்.

அந்த மாசமே அவரும் ஒரு மோதரம் பண்ணிப் போட்டுக்கிட்டாரு. வெளுத்த மஞ்சள். எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. இதேதுங்கன்னு கேட்டேன். அதே வகையில இன்னொண்ணு வந்துச்சுடி, எனக்கும் குரு செரியில்லைன்னாரு. நான் ஒண்ணுதான் பாத்திருந்தேன். இன்னொண்ணை எங்க வச்சிருந்தாரோ. ஆம்பளைங்க எல்லாத்தையும் நம்மகிட்டச் சொல்லிட்டா இருப்பாங்க? நல்ல கல்லுங்க, அவரு கைக்கு எடுப்பா இருந்துச்சு.

ஒரு நாள் வெடியால ஜீப்பு டிரைவர் வந்தான். அண்ணன் அந்தக் கல்லைப் பத்திப் பேசோணுங்கறாரு, உங்களைக் கடையிலயே இருக்கச் சொன்னாருன்னுட்டுப் போனான். எங்கூட்டுக்காரருக்கு மூஞ்சி செத்துப் போச்சுங்க. பையில துணியை அள்ளி வச்சாரு. கரூர்ல கூட்டாளி ஊட்ல கொஞ்ச நாளைக்கு இருக்கறேன், நீ கடையைப் பாத்துக்க, அவன் பொம்பளை மேல கை வெக்க மாட்டான்னாரு. நான் அழுதேன். எனக்காகத்தானுங்க போனாரு. அவரு இருந்தாத்தான சண்டை வரும்? இல்லாட்டி எதுக்கு வரும்? அவரு எப்பவுமே முன்யோசனைக்காரரு.

அன்னையில இருந்து புடிச்சதுங்க பயம். அதை எப்பிடிச் சொல்றது உங்களுக்கு. நான் கடையைத் தொறந்து வெளக்கேத்துறதுக்கும் எதிர்ல வேப்பமரத்தடியில அந்த ஜீப்பு வந்து நிக்கறதுக்கும் செரியா இருக்கும். நஞ்சப்பன் எறங்க மாட்டாரு. கண்ணாடியை எறக்கிட்டு எங்க கடையையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு. சித்த நேரங் கழிச்சுப் போயிருவாரு. மறுநாளும் வருவாரு. கேள்வி கேட்டாலாவது பதில் சொல்லலாம். அடிக்க வந்தாலாவது கத்தலாம். சும்மா பாத்துட்டே இருந்தா என்னங்க பண்றது?

எனக்குச் சோறு எறங்கலீங்க. தண்ணி குடிச்சா டம்ளர் பல்லுல தட்டும். ஊட்டுக் கதவுக்குப் பின்னால அரிசி மூட்டையை இழுத்துப் போட்டுட்டுத்தான் படுப்பேன். பக்கத்துக் கடைக்காரங்க கூட அந்த நேரத்துக்கு எங்க கடைப்பக்கம் திரும்ப மாட்டாங்க. ஒரு நாள் கெணத்தடியில வாளி விழுந்த சத்தத்துக்கு நான் அலறுன அலறல்ல நாலூட்டு ஜனம் ஓடியாந்துருச்சு. கெணறுன்னாலே எனக்கு அந்தத் தலைகீழாத் தொங்குனவன் நெனப்புத்தான்.

கரூருக்குப் போன் போட்டு அழுவேன். அவரு தைரியம் சொல்லுவாரு. அவன் கேட்டா இதைச் சொல்லு, தங்கத்துல பதிச்சா கல்லு நெறம் ஏறிரும், அதனாலதான் அடர்த்தியாத் தெரியுதுன்னு சொல்லுன்னாரு. நானும் சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டேன். தங்கத்துல பதிச்சா நெறம் ஏறிரும், தங்கத்துல பதிச்சா நெறம் ஏறிரும். கொஞ்சம் ஏறுமுங்க, அது நெசந்தான். கொஞ்சந்தான் ஏறும்.

கடைசியா ஒரு உச்சிப்பொழுதுல நஞ்சப்பன் ஜீப்பை வுட்டு எறங்கி வந்துட்டாருங்க. வீதியில ஈ காக்கா இல்ல. உள்ள வந்தாரு. வந்தவரு கையைப் பின்னால கொண்டு போய் ஷட்டரைப் பாதிக்கு எறக்குனாரு. கடை இருட்டிப் போச்சு. எங்க கொலசாமியைக் கூப்பிடறேன், சாமி பேரு வாயில வரமாட்டேங்குது.

அவரு முக்காலியில உக்காந்தாரு. மோதரத்தைக் கழட்டப் பாத்தாரு, வரல. விரலு வீங்கியிருந்துச்சு. எச்சில் தொட்டு, திருகி, திருகி, எப்பிடியோ கழட்டி எனக்கு முன்னால வச்சாரு. அப்பத்தானுங்க நான் அந்தக் கையைப் பாத்தேன். நடுங்குச்சுங்க. என்ற கையைவிட அவரு கை நடுங்குச்சு.

"அக்கா, நாளைக்கு என்ற பொண்ணுக்கு ஆப்பரேசனுங்க. நகைக்கடையில ஒருத்தரு இதைப் பாத்துட்டு வெந்த கல்லுன்னுட்டாரு. கொஞ்ச நாளா உங்ககிட்டக் கேக்கலாம்னு வருவேன். வந்துட்டு, கேக்காமயே போயிருவேன். நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியலீங்க."

நான் பழகி வச்சதைச் சொல்லப் போனேன். தங்கத்துல பதிச்சான்னு ஆரம்பிச்சேன். அதுக்குமேல வரலீங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு நெனைச்சு நிறுத்தல. அந்தளவுக்கெல்லாம் நான் நல்லவ இல்ல. பயத்துல மிச்சம் மறந்து போச்சு. கை மட்டும் பழக்கத்துல வேலை செய்யுது. லென்சை எடுத்தேன், வெள்ளைக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி மோதரத்தை உள்ள போட்டேன். பாக்க வேண்டியதே இல்லீங்க. பனவெல்ல நெறம். திருப்புனா செவப்பு ஓடுது. அடியில ஒரு ஓரம் பால் மாதிரி வெளுத்துக் கெடக்குது. நான் பொறுக்குன கல்லு, நான் சுட்ட கல்லு. பெத்தவளுக்குப் புள்ளை தெரியாதுங்களா?

"வெந்ததுதானுங்க. நானே சுட்டேன்."

சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். அடி விழும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஒண்ணும் விழல. கண்ணைத் தொறந்தா அவரு அந்தக் கிண்ணத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு, நெருப்பு இன்னும் அதுக்குள்ள எரிஞ்சுட்டு இருக்கற மாதிரி. இவ்வளவு நாளும் இதை விரல்ல போட்டுட்டுத்தான் பாப்பாவைத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்னு சொன்னாரு. எங்கிட்டச் சொல்லலீங்க, தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு.

சுடாதது இருக்குதாக்கான்னு கேட்டாரு. காங்கோக் கல்லுக்கு நான் எங்க போவேன்? கடையில இருந்தது ஒண்ணுதான், அதைத்தான் நஞ்சப்பனுக்கே குடுத்தாச்சுன்னு எங்கூட்டுக்காரரு சொல்லியிருக்காரே. அப்பிடியிருந்தும் இது எப்பிடி இவரு கைக்கு வந்துச்சு? நகை ஆசாரி பதிக்கறப்ப மாத்திட்டானோ என்னமோ. ஆசாரிங்களை நம்ப முடியாதுங்க. அந்த நேரத்துல எனக்கு அதையெல்லாம் யோசிக்க மூளை இல்ல.

எங்க காட்டுப் பக்கத்துல ஊதாக்கல்லோட ஊதாக்கல்லா, எப்பவாச்சும் ஒண்ணு மண்ணுக்குள்ளயே மஞ்சளாயிருக்குமுங்க. அப்பிடி ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. பட்டை தீட்டாதது. உள்ள கீறல், மேல கரிப்பொகை படிஞ்சாப்பல ஒரு மங்கல். விக்காது. எங்கூட்டுக்காரரு தூக்கி வீசச் சொன்னாரு, எனக்கு மனசு வரல, பெட்டி மூலையில போட்டு வச்சிருந்தேன். அதை எடுத்து அவரு உள்ளங்கையில வச்சேன். இது பெரிய ஊருக் கல்லு இல்லீங்க, நம்ம மண்ணு, நெறம் இல்ல, சுத்தம் இல்ல, ஆனா தீப்படல, நான் என்ற கையில பொறுக்குனதுன்னு சொன்னேன். தெய்வத்து மேல சத்தியமான்னு கேட்டாரு. சத்தியமுங்கன்னேன். அதை மூடுன கையைத் தொறக்காமயே எந்திரிச்சாரு. ஷட்டரை மேல தூக்கிவுட்டாரு. மோதரம் கிண்ணத்துலயே கெடந்துச்சு, திரும்பிப் பாக்கல.

பயம் போயிருச்சுன்னு நெனைக்கறீங்களா? அப்புறந்தானுங்க நெசமான பயமே. அதுவரைக்கும் என்ற உசுருக்குத்தான் பயந்தேன். இப்ப முகந்தெரியாத ஒரு பொண்ணு உசுரு என்ற கல்லுல மாட்டிக்கிச்சு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கல்லுதான் காரணம்னு சொல்லுவாரு. சுட்ட கல்லைப் போட்டிருந்ததாலன்னு சொல்லுவாரு, இல்ல நாங் குடுத்ததைப் புடிச்சுட்டுப் போனதாலன்னு சொல்லுவாரு. ரெண்டுமே என்ற கையில இருந்து போனதுதானே. ஆப்பரேசன் அன்னைக்கு முச்சூடும் கடையிலயே உக்காந்திருந்தேன். ஊட்ல இருந்தா பைத்தியம் புடிச்சிருக்கும். எந்த வண்டி சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து எட்டிப் பாப்பேன். சினிமாப் பாட்டுப் போட்டுட்டு ஒரு டெம்போ போச்சு, அதுக்கும் பயந்தேன்.

பொழுதோட ஜீப்பு வந்துச்சு. எறங்குனது டிரைவர் மட்டுந்தான். பாப்பா கண்ணு முழிச்சிருச்சுங்க, தண்ணி கேட்டுச்சாம், அண்ணன் மொதல்ல கல்லுக்கடைக்காரம்மாகிட்டச் சொல்லிட்டு வான்னாருன்னான். அவன் போனதுக்கப்புறம் கடைக்குள்ளயே கீழ உக்காந்து அழுதேன். அந்தப் புள்ளையை நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததில்லீங்க.

வெள்ளக்கோயிலு தாண்டிருச்சுங்களா? நான் பேச ஆரம்பிச்சா இப்பிடித்தான். ஆருகிட்டயும் பேசி நாளாச்சு.

புள்ளையை ஊட்டுக்குக் கூட்டியாந்ததுக்கப்புறம் நஞ்சப்பன் இன்னொரு தடவை வந்தாரு. கும்பிட்டாரு. எங்கூட்டுக்காரரு எங்க இருக்காருன்னு கேட்டாரு. நான் சொல்லலீங்க. கொன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவரு கோவிச்சுக்கல. போறப்ப வாசப்படியில நின்னு மெதுவாச் சொன்னாரு.

"அவரை நான் ஒண்ணும் பண்ண மாட்டனுங்கக்கா. நீங்க உசுரைக் கையில புடிச்சுட்டுக் கடையில உக்காந்திருந்தீங்க, அவரு எங்கியோ இருக்காரு. ஒருக்கா அவரு விரலைப் பாருங்க. அவ்வளவுதான்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எம் புருசன் விரலைப் பத்தி இவருக்கென்ன? இத்தனை நாளும் என்னைய நடுங்க வச்சு, ஒரு மனுசனை ஊரைவுட்டே ஓட வச்சது இவரு. இப்ப எனக்கு வந்து புத்தி சொல்றாரு. பெரிய மனுசங்களுக்கு வாய் நீளமுங்க. அன்னைக்கு அவரு பின்னாலயே போய்க் கேட்டிருக்கோணும், என்னங்க சொல்றீங்கன்னு. கேக்கல. பயமா இருந்துச்சு.

கரூருக்குப் போன் போட்டேன். எல்லாம் முடிஞ்சுதுங்க, ஊட்டுக்கு வாங்கன்னேன். சந்தோசப்படுவாருன்னு பாத்தா, மோதரத்தைப் பத்தி ஏதாச்சும் கேட்டானாங்கறாரு. எந்த மோதரமுங்க, அவருதா உங்களுதான்னு கேட்டேன். வேணும்னே கேக்கலீங்க, சாதாரணமாத்தான் கேட்டேன். போனை வச்சுட்டாரு. அதுக்கப்புறம் எடுக்கறதில்ல. ஒரே ஒரு தடவை எடுத்து, இப்ப நீ வராத, நானே வர்றேன்னாரு. மழை ரெண்டு தடவை பேஞ்சு ஓஞ்சிருச்சு. காட்டுல கல்லு பொறுக்கிச் சுட்டும் வச்சுட்டேன். வரலீங்க. இன்னும் அந்தாளுக்குப் பயந்துட்டுத்தான் இருக்காரு, பாவம். நேர்ல போய்ச் சொன்னாத்தான் நம்புவாருன்னு நானே கெளம்பிட்டேன்.

பையில அவரு வேட்டி ரெண்டு இருக்குது, முறுக்கு சுட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். நஞ்சப்பன் வுட்டுட்டுப் போன மோதரமும் இருக்குது, குடுத்தர்லாம்னு. லென்சு எதுக்குன்னு பாக்கறீங்களா? அது எங்க போனாலும் கூட வர்றதுதான். ஒரு தடவை போட்டுட்டுப் பையை மூடுனேன், வேண்டாம்னு எடுத்து வச்சேன், மறுபடியும் போட்டுக்கிட்டேன்.

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே? இல்லீங்களா? சரி.

அங்க தெரியறது கரூருங்களா? இவ்வளவு சீக்கிரமா வந்துருச்சு. ஊடு பஸ் ஸ்டாண்டுல இருந்து கிட்டக்கத்தானாம், போறப்பவே தெரு பேரு சொல்லியிருக்காரு. போயிட்டு, அவரைக் கூட்டிட்டு, பொழுதுக்குள்ள காங்கேயம் திரும்பிரலாம். ஒரு பயமும் இல்லீங்க இப்ப. அந்தப் புள்ளை பொழைச்சு இஸ்கோலுக்குப் போகுதாம். ஜீப்பு எங்க வீதிக்கு வர்றதில்ல. கதவுக்கு மூட்டை வெக்காமத்தான் படுக்கறேன்.

அப்புறம் எதுக்குங்க என்ற கை இப்பிடி நடுங்குது? தொட்டுப் பாருங்க. நஞ்சப்பன் ஷட்டரை எறக்குனப்பக் கூட இந்தளவுக்கு இல்லீங்க.

அம்மிணி, உங்களுக்கு அவசரமுங்களா? சித்த எங்கூட வர்றீங்களா? ஊட்டுக்குள்ள வர வேண்டாம். நான் கதவைத் தட்டி, அவரு கையை நீட்டித் தாப்பாளைத் தொறக்கற வரைக்கும் பக்கத்துல நின்னாப் போதுமுங்க.